சப்ளையை ஆஃப் செய்தால் சூப்பர்பொசிஷன் வராது

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கும்போது சூப்பர்பொசிஷன் தேற்றம் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். மூன்று ரெசிஸ்டர், இரண்டு சப்ளை, மூன்று ரீடிங். முதல் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் முடித்துவிட்டு வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பாலிடெக்னிக் சர்க்யூட் லேபில் பல வருடமாக இதை நடத்தி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிஜமாகவே ஒயர் கொடுத்து, மீட்டரைப் பார்த்து எழுதினால், முதல் தடவையிலேயே டேலி ஆகிற குழு குறைவு. ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் டேலி ஆகியிருக்கும்.

தேற்றம் சொல்வது இது. நேரியல் சுற்று (வோல்டேஜ் கூடும் அதே விகிதத்தில் கரண்டும் கூடுகிற சுற்று) ஒன்றில் சப்ளை, பேட்டரி போன்ற பல மூலங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒரு கிளையில் ஓடும் கரண்ட் எவ்வளவு? ஒவ்வொரு மூலமும் தனியாக வேலை செய்யும்போது அந்தக் கிளையில் எவ்வளவு ஓடுமோ அவற்றையெல்லாம் திசை பார்த்துக் கூட்டினால் வருவதே விடை. தனியாக வேலை செய்யும்போது மற்ற வோல்டேஜ் மூலங்கள் இருந்த இடம் ஷார்ட், அதாவது ஒயரால் நேராக இணைத்தது; கரண்ட் மூலங்கள் இருந்த இடம் ஓப்பன், அதாவது அறுத்து விட்டது. மூலத்துக்கு உள்மின்தடை இருந்தால் அது மட்டும் அங்கேயே நிற்க வேண்டும்.

நான் வழக்கமாகக் கொடுக்கும் சர்க்யூட்டை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இடது பக்கம் 12 வோல்ட் சப்ளை, அதற்குத் தொடராக 1 கிலோ ஓம். வலது பக்கம் 6 வோல்ட் சப்ளை, அதற்கும் 1 கிலோ ஓம். இரண்டு ரெசிஸ்டரும் சந்திக்கும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 1 கிலோ ஓம். மூன்றும் சமம் என்பதால் நடு முனையின் வோல்டேஜ், இரண்டு சப்ளையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது. 12-ம் 6-ம் சேர்ந்தால் 6 வோல்ட். நடு ரெசிஸ்டரில் 6 மில்லிஆம்பியர். 12 மட்டும் என்றால் 4. 6 மட்டும் என்றால் 2. நான்கும் இரண்டும் ஆறு. காகிதத்தில் இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. மேஜைக்குப் போனால்தான் கதை ஆரம்பிக்கும்.

"இப்போ ஒரு சோர்ஸை மட்டும் வெச்சு ரீடிங் எடுங்க" என்றால் பெரும்பாலான கைகள் நேராக ஆர்.பி.எஸ். (ரெகுலேட்டட் பவர் சப்ளை, லேபில் வோல்டேஜ் தரும் பெட்டி) சுவிட்சுக்குத்தான் போகும். வலது சப்ளையை ஆஃப் செய்வார்கள், ஒயரை அப்படியே விட்டுவிடுவார்கள். மீட்டர் 4 காட்ட வேண்டிய இடத்தில் 6-ஐ ஒட்டி நிற்கும். பிறகு இடது சப்ளையை ஆஃப் செய்து வலதை ஆன் செய்வார்கள். 2 வர வேண்டிய இடத்தில் 3 பக்கம் வரும். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 9. இரண்டு சப்ளையும் ஆனில் இருக்கும்போது வந்ததோ 6. "சார், தேற்றம் தப்பா வருது" என்று ஒருவர் எழுந்து வருவார்.

ஆஃப் செய்த ஆர்.பி.எஸ். ஷார்ட் அல்ல, ஏறக்குறைய ஓப்பன். உள்ளே கரண்ட் வெளியே வருகிற வழியில் ஒரு டிரான்சிஸ்டர் தொடராக நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது அவுட்புட் முனையில் உள்ள கெப்பாசிட்டரும், வோல்டேஜைக் கவனிக்கப் போட்டிருக்கும் சில கிலோ ஓம் ரெசிஸ்டர்களும்தான். ஆக வலது கிளை கிட்டத்தட்ட அறுந்த மாதிரி. 12 வோல்ட்டுக்கு இரண்டு 1 கிலோ ஓம் தொடராக இருந்தால் 6 மில்லிஆம்பியர் ஓடாமல் என்ன செய்யும்?

முள் வைத்த பழைய அம்மீட்டர் இருந்தால் இதிலேயே இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். சப்ளையின் அவுட்புட் கெப்பாசிட்டர் பெரியதாக இருந்தால், முள் முதலில் 4 பக்கம் போய், பிறகு மெதுவாக 6-ஐ நோக்கி ஏறும். காலியான கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் மாதிரி நடந்துகொள்கிறது; சார்ஜ் ஏற ஏற ஓப்பன் ஆகிவிடுகிறது. ரீடிங் மெல்ல நகர்ந்தால் மீட்டரைத் தட்டிப் பார்க்காதீர்கள். எங்கோ ஒரு கெப்பாசிட்டர் சர்க்யூட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் யோசிக்கிற பிள்ளைகள் ஆஃப் செய்யாமல் நாபைப் பூஜ்யத்துக்குத் திருப்புவார்கள். பூஜ்யம் வோல்ட் என்றால் ஷார்ட்தானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் சப்ளை அதற்கு ஒத்துழைக்காது. ஏன் என்று கீழே சொல்கிறேன். இன்னும் சிலர் சப்ளை ஆனில் இருக்கும்போதே அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஒயரைச் சொருகுவார்கள். கரண்ட் லிமிட் விளக்கு எரியும். ஆர்.பி.எஸ். அதைத் தாங்கிக்கொள்ளும். அதுவே ஒரு லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால் ஒயர் பழுத்துவிடும்.

சரியான வழி சாதாரணமானது. சப்ளையின் பிளஸ், மைனஸ் முனைகளிலிருந்து இரண்டு பேட்ச் கார்டையும் (சொருகு ஒயர்) உருவி, அந்த இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். சப்ளை தன்பாட்டுக்கு ஆனில் இருக்கட்டும், அது இப்போது சர்க்யூட்டிலேயே இல்லை. ஒவ்வொரு தடவையும் உருவிச் சொருகுவது தொல்லை என்றால் டூ-வே சுவிட்ச் போடுங்கள், மாடிப்படி விளக்குக்குப் போடுவோமே, அதே வகை. நடு முனை ரெசிஸ்டருக்கு, ஒரு பக்க முனை சப்ளை பிளஸுக்கு, மறுபக்க முனை கிரவுண்டுக்கு. சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் மூலம், மறுபக்கம் தள்ளினால் ஷார்ட். ஒயர் கழன்று அந்தரத்தில் தொங்குகிற மூன்றாவது நிலைக்கே இடம் இல்லை. எங்கள் லேபில் ஒரு சின்னப் பலகையில் இரண்டு சுவிட்சைப் பொருத்தி வைத்த பிறகு இந்த ஒன்பது மில்லிஆம்பியர் புகார் அநேகமாக நின்றுபோனது.

டூயல் ஆர்.பி.எஸ். வைத்திருப்பவர்கள் டிராக்கிங் பொத்தானையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக்கிங்கில் இருந்தால் ஒரு பக்கத்தைக் கூட்டும்போது மறுபக்கமும் சேர்ந்து கூடும். 12, 6 என்று வைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டுமே 12-ல் நிற்கும். இன்டிபென்டென்ட் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒயர் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு 3 வோல்ட். பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு வோல்டேஜ் கொடுப்பது வழக்கம். ஒரு குழுவுக்கு 12-ம் 3-ம் போயிற்று. அதே மூன்று 1 கிலோ ஓம். கணக்குப்படி 12 மட்டும் என்றால் 4, 3 மட்டும் என்றால் 1, சேர்ந்தால் 5.

"சார், தனித்தனியா 4, 1 கரெக்டா வருது. சேர்த்தா 5.8 காட்டுது."

"கார்டு எல்லாம் ஒழுங்கா சொருகியிருக்கியாம்மா? நுனி லூஸா இருக்கப் போகுது."

"ரெண்டு தடவை மாத்திட்டோம் சார். மீட்டரும் மாத்திட்டோம்."

பிரெட்போர்டையும் மாற்றினோம். அதே 5.8. பக்கத்து மேஜையில் 12-ம் 6-ம் வைத்தவர்களுக்குச் சுத்தமாக 6 வருகிறது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த டிஸ்பிளேயைப் பாருங்க சார்" என்றார். 3 வோல்ட்டில் வைத்த வலது சப்ளையின் டிஸ்பிளே 5.4 காட்டிக்கொண்டிருந்தது. நாபை யாரும் தொடவில்லை. கார்டை உருவினால் 3-க்கு இறங்குகிறது, சொருகினால் 5.4-க்கு ஏறுகிறது.

நடு முனை கணக்குப்படி 5 வோல்ட்டில் இருக்க வேண்டும். வலது சப்ளை 3 வோல்ட். அப்படியானால் வலது ரெசிஸ்டரில் கரண்ட் எந்தப் பக்கம் ஓடும்? 5-லிருந்து 3-க்கு, அதாவது சப்ளைக்கு உள்ளே, 2 மில்லிஆம்பியர். சாதாரண லேப் ஆர்.பி.எஸ். கரண்டை வெளியே தள்ளத்தான் தெரிந்தது, உள்ளே வாங்கத் தெரியாது. அந்தத் தொடர் டிரான்சிஸ்டர் கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு போன்றது, ஒரு பக்கம்தான் திறக்கும். கரண்ட் உள்ளே வரப் பார்த்ததும் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது. வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறவர் யாரும் இல்லாமல் முனை மேலே மிதக்கிறது. முழுக்க ஓப்பனாக இருந்தால் 6 வரை போயிருக்கும். உள்ளே இருக்கும் கசிவு ரெசிஸ்டர்கள் சிறிது கரண்டைக் குடிப்பதால் 5.4-ல் நின்றது. 12-ம் 5.4-ம் சேர்த்து மூன்றால் வகுத்துப் பாருங்கள், அந்த 5.8 வந்துவிடும். நாபைப் பூஜ்யத்தில் வைத்தால் ஷார்ட் ஆகாததற்கும் இதுதான் காரணம். மேலே சொன்ன 12, 6 சர்க்யூட் இத்தனை நாள் சிக்கலில்லாமல் ஓடியதற்கும் காரணம் தெரிந்தது. அதில் நடு முனையும் 6, வலது சப்ளையும் 6, வலது கிளையில் கரண்டே இல்லை. வரம்பின் விளிம்பில் நின்றுகொண்டு தப்பித்துவந்திருக்கிறது.

தேற்றத்தின் நிபந்தனையில் 'நேரியல்' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதை நாம் எப்போதும் ரெசிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்வோம். மூலமும் நமக்குச் சொன்னபடி நடக்க வேண்டும். 3 வோல்ட் என்று எழுதி ஒட்டிய பெட்டி, கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் 3 வோல்ட்டிலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தனியாக எடுத்த ரீடிங்கில் ஒரு சர்க்யூட், சேர்த்து எடுத்த ரீடிங்கில் வேறொரு சர்க்யூட். இரண்டையும் கூட்டி ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

மருந்து ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். வலது சப்ளையின் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே நேராக மாட்டிவிட்டால் போதும். 3 வோல்ட்டில் அது 6.4 மில்லிஆம்பியர் இழுக்கும். அதில் 2 சர்க்யூட்டிலிருந்து வருகிறது, மீதி 4.4-ஐ சப்ளை தருகிறது. சப்ளையைப் பொறுத்தவரை அது எப்போதும் வெளியேதான் தள்ளிக்கொண்டிருக்கிறது, டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளாது. மாட்டியதும் டிஸ்பிளே 3-க்கு வந்தது, அம்மீட்டர் 5-க்கு வந்தது. குறுக்கே ரெசிஸ்டர் போட்டால் சர்க்யூட் மாறிவிடாதா என்று அந்தக் குழுவில் பேசிய பெண்ணே கேட்டாள். நல்ல கேள்வி. வோல்டேஜ் மூலத்துக்குக் குறுக்கே எதை மாட்டினாலும் வெளியே இருப்பவர்களுக்கு அதே வோல்டேஜ்தான் கிடைக்கும். ஷார்ட் செய்யும்போது அந்த ரெசிஸ்டரும் சேர்ந்தே ஷார்ட் ஆகிவிடும். மதிப்பைத் தேர்ந்தெடுப்பதும் எளிது: உள்ளே வரப்போகிற கரண்டைவிட அதிகமாக இழுக்கிற ரெசிஸ்டராக இருக்க வேண்டும். இங்கே 3 வோல்ட்டை 2 மில்லிஆம்பியரால் வகுத்தால் 1.5 கிலோ ஓம். அதற்குக் கீழே தாராளமாக இறங்கிவிடுங்கள்.

அன்றிலிருந்து 12, 3 என்ற ஜோடியை வேண்டுமென்றே ஒரு குழுவுக்காவது கொடுத்து வருகிறேன், 470 ஓம் பற்றி முதலில் ஒன்றும் சொல்லாமல். அதில் இன்னொரு லாபமும் உண்டு. 5.00 என்று எழுதிக்கொண்டு வருகிறவர் சர்க்யூட்டையே போடவில்லை என்று தெரிந்துவிடும்!

அடுத்த தொல்லை குறி. அதிகம் மார்க் போகிற இடமும் இதுதான் என்பது என் எண்ணம். நடு ரெசிஸ்டரில் இரண்டு சப்ளையும் ஒரே திசையில் கரண்டை அனுப்புவதால் அங்கே கூட்டல் மட்டும்தான். தேற்றத்தின் பாதிதான் தெரியும். அதே 12, 6 சர்க்யூட்டில் அம்மீட்டரை வலது கிளைக்கு மாற்றிப் பாருங்கள். 6 வோல்ட் மட்டும் இருக்கும்போது சப்ளையிலிருந்து வெளியே 4 மில்லிஆம்பியர். 12 வோல்ட் மட்டும் இருக்கும்போது எதிர்த்திசையில் 4. இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம். மீட்டர் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து ஃபியூஸ் போய்விட்டது என்று மீட்டரைத் திருப்பிக் கொடுத்த குழுக்கள் உண்டு.

முள் மீட்டரில் எதிர்த்திசைக் கரண்ட் வந்தால் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டும். உடனே லீடைத் திருப்பி மாட்டி, 4 என்று எழுதிவிடுவார்கள். மைனஸ் காணாமல் போய்விடும். அப்புறம் 4-ம் 4-ம் எட்டு. ரீடிங் எடுப்பதற்கு முன்பே படத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, அந்தத் திசை பிளஸ் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். லீடைத் திருப்ப வேண்டி வந்தால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் போட்ட பிறகுதான் திருப்ப வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் மைனஸ் தானே வரும், ஆனால் அந்தச் சின்னக் கோட்டைக் கண் பார்ப்பதில்லை.

மீட்டர் ரேஞ்ச் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. சாதாரண மூன்றரை இலக்க மல்டிமீட்டரில் கரண்ட் ரேஞ்ச் எதுவானாலும் உள்ளே ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் சர்க்யூட்டோடு தொடராக வந்து சேர்கிறது. 200 மில்லிவோல்ட்டை முழு அளவாகக் கொண்ட மீட்டர்களில் 20 மில்லிஆம்பியர் ரேஞ்சில் அது சுமார் 10 ஓம். 2 மில்லிஆம்பியர் ரேஞ்சில் சுமார் 100 ஓம். துல்லியமாக வரட்டும் என்று சின்னக் கரண்டுக்குச் சின்ன ரேஞ்சுக்கு மாற்றுவது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தப் பரிசோதனையில் அதுவே இடிக்கும். 20 ரேஞ்சிலேயே வைத்து எடுத்தால் 3.97, 1.99, சேர்த்து 5.96 என்று வரும். எதிர்பார்த்த 4, 2, 6 இல்லை, ஆனாலும் கூட்டல் அச்சாகப் பொருந்துகிறது. நடுவில் அந்த 1.99-ஐ மட்டும் 2 ரேஞ்சில் எடுத்தால் 1.88 வரும், கூட்டினால் 5.85. மீட்டரே சர்க்யூட்டின் ஒரு பகுதி. மூன்று ரீடிங்குக்கும் ஒரே மீட்டர், ஒரே ரேஞ்ச், ஒரே இடம். அம்மீட்டரைக் கழற்றி மாட்டுவதே பிடிக்கவில்லை என்றால் ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜை அளந்து ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளலாம். வோல்ட் ரேஞ்சில் மீட்டரின் தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும், தொந்தரவு செய்யாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ரெக்கார்டில் கடைசியில் எழுதுவார்கள்: ரெசிஸ்டரின் டாலரன்ஸ் காரணமாகச் சிறு வேறுபாடு உள்ளது என்று. தங்கப் பட்டை போட்ட ரெசிஸ்டரில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கும், உண்மை. அதனால் நீங்கள் கணக்குப் போட்ட 4-க்கும் மீட்டர் காட்டுகிற 3.9-க்கும் வித்தியாசம் வரலாம். ஆனால் அளந்ததையும் அளந்ததையும் கூட்டி, அளந்த மொத்தத்தோடு ஒப்பிடும்போது டாலரன்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. 1000 ஓம் என்று எழுதிய ரெசிஸ்டர் 960 ஆக இருந்தாலும், மூன்று ரீடிங்கிலும் அதே 960-தான் உட்கார்ந்திருக்கிறது. கூட்டல் பொருந்தித்தான் ஆக வேண்டும். பொருந்தவில்லை என்றால் ரீடிங்குகளுக்கு நடுவே ஏதோ மாறியிருக்கிறது: சப்ளை மிதந்திருக்கலாம், ரேஞ்ச் மாறியிருக்கலாம், கார்டு நுனி தளர்ந்திருக்கலாம், ரெசிஸ்டர் சூடாகியிருக்கலாம். கால் வாட் 1 கிலோ ஓமில் அந்த பயம் இல்லை, 12 வோல்ட் மட்டும் இருக்கும்போது இடது ரெசிஸ்டரில் 64 மில்லிவாட்தான். அதே இடத்தில் மூன்றும் 100 ஓம் என்று வைத்தால் 640 மில்லிவாட். கால் வாட் ரெசிஸ்டர் கருகும் வாசனை வரும்.

பவருக்கு இந்தத் தேற்றம் செல்லாது என்பது வைவாவில் கட்டாயம் வரும். மனப்பாடம் செய்ய வேண்டாம், கையில் இருக்கும் எண்களே போதும். நடு ரெசிஸ்டரில் 4 மில்லிஆம்பியருக்கு 16 மில்லிவாட், 2-க்கு 4 மில்லிவாட். கூட்டினால் 20. உண்மையில் 6 மில்லிஆம்பியருக்கு 36. வலது ரெசிஸ்டரில் இன்னும் மோசம்: தனித்தனியாக 16-ம் 16-ம் 32, உண்மையில் பூஜ்யம். பவரில் கரண்டின் வர்க்கம் வருவதால் இப்படி.

நேரம் மிச்சம் இருக்கிற நாளில் நான் செய்யச் சொல்வது சிலபஸில் இல்லாத ஒன்று. நடு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை மாட்டுவது. சப்ளை 12-ம் 3-ம். முதலில் 3 வோல்ட் மட்டும். இரண்டு 1 கிலோ ஓமும் வோல்டேஜைப் பாதியாக்குவதால் எல்.ஈ.டி.க்குக் கிடைப்பது 1.5 வோல்ட், அது எரிய 1.8 பக்கம் வேண்டும். எரியாது, கரண்ட் இல்லையென்றே சொல்லலாம். அடுத்து 12 மட்டும். நன்றாக எரியும், ஏறக்குறைய 8.4 மில்லிஆம்பியர். கூட்டினால் 8.4. இப்போது இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்: 11.4 பக்கம் வரும். தனியாக ஒன்றுமே தராத 3 வோல்ட், சேர்ந்தபோது 3 மில்லிஆம்பியரைக் கூடுதலாகத் தருகிறது. தேற்றத்தை நிரூபிப்பதைவிட அது உடைகிற இடத்தைப் பார்க்கும்போதுதான் பிள்ளைகள் மேஜையைச் சுற்றிக் கூடுகிறார்கள். என்னைக் கேட்டால் மேனுவலிலேயே இதைச் சேர்த்துவிடலாம்.

எல்.ஈ.டி. எரிந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். 12-ஐ 12.1 ஆக்கினால் கரண்ட் எவ்வளவு கூடுகிறது, 3-ஐ 3.1 ஆக்கினால் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிஆம்பியர் பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் 0.2. முழு அளவில் உடைந்த தேற்றம் சின்ன மாற்றங்களுக்கு மறுபடி வேலை செய்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் டி.சி. பயாஸை (டிரான்சிஸ்டரை வேலை நிலையில் வைக்கும் நிலையான வோல்டேஜ்) தனியாகவும் சிக்னலைத் தனியாகவும் கணக்குப் போட முடிகிறதே, அதற்கு ஆதாரம் இதுதான்.

"மெஷ் கணக்கிலேயே விடை வந்துடுதே சார், இது எதுக்கு?" என்று, வளையம் வளையமாகச் சமன்பாடு எழுதும் மெஷ் முறையைச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் அந்த ஆம்ப்ளிஃபயர்தான் பதில். இரண்டு பேட்டரி சர்க்யூட்டுக்கு இந்தத் தேற்றம் தேவையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மூலம் டி.சி., இன்னொன்று ஏ.சி. என்று வரும்போதுதான் இதன் அருமை தெரியும். 12 வோல்ட் அடாப்டரின் அவுட்புட்டை மல்டிமீட்டரின் டி.சி. ரேஞ்சில் அளந்தால் 12, ஏ.சி. ரேஞ்சில் அளந்தால் அதன்மேல் ஏறி நிற்கும் சின்ன ரிப்பிள், அதாவது வோல்டேஜின் சிறு ஏற்ற இறக்கம். ஒரே ஒயரில் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடுவதால்தான் தனித்தனியாக அளக்க முடிகிறது. லேண்ட்லைன் போனில் 48 வோல்ட் டி.சி.யும் அதன்மேல் பேச்சும், பிராட்பேண்ட் இருந்தால் அதற்கும் மேலே இன்டர்நெட் சிக்னலும் ஒரே ஜோடிக் கம்பியில் வந்தன. ஜாயின்ட் துருப்பிடித்தால் அந்தத் துருவே டயோடு மாதிரி நடந்துகொண்டு சிக்னல்களை ஒன்றோடொன்று கலந்துவிடுவதும் உண்டு.

இந்தத் தேற்றத்தின் பூர்வீகம் பல ஆசிரியர்களுக்கே வியப்பாக இருக்கும். 1845-ல் கிர்க்காஃப் தன் விதிகளைக் கொடுத்தார். 1853-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மின்சுற்றுகளுக்கு இந்தக் கூட்டல் விதியைப் பயன்படுத்தி எழுதினார். அப்போது அவர் கோனிக்ஸ்பெர்க்கில் உடலியங்கியல் பேராசிரியர். தசையிலும் நரம்பிலும் ஓடும் மின்சாரத்தை அளக்கப்போய், ஓர் உடலுக்குள் எங்கெங்கோ பரவிக் கிடக்கும் மூலங்களை வெளியிலிருந்து எப்படிக் கணக்கிடுவது என்ற சிக்கலில்தான் இது அவருக்குத் தேவைப்பட்டது. நேரியல் சுற்று எதையும் ஒரு வோல்டேஜ் மூலம், அதற்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர் என்று சுருக்கலாம் என, இன்று நாம் தெவனின் தேற்றம் என்று சொல்வதும் அதே கட்டுரையில் இருக்கிறது. பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் தெவனின் அதைத் தனியாகக் கண்டு வெளியிட்டது 1883-ல். லேபில் இரண்டையும் அடுத்தடுத்த பரிசோதனைகளாக வைத்திருப்பது பொருத்தம்தான்.

வைவாவில் மாட்டிக்கொள்கிற இன்னொரு கேள்வி, சார்பு மூலங்கள் பற்றியது. டிரான்சிஸ்டர் மாடலில் பேஸ் கரண்டைப் பொறுத்து மாறும் கரண்ட் மூலம் போன்றவற்றை ஓப்பன், ஷார்ட் எதுவும் செய்யக் கூடாது. தன்னிச்சையான மூலங்களை மட்டும்தான் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

டூ-வே சுவிட்ச் நான்கு இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு சர்க்யூட். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பதின்மூன்று எடுத்துக்கொண்டு நான்கு பிட் ஆர்-டூஆர் ஏணி (ஒரு மடங்கும் இரு மடங்குமாகத் தடைகள் வரும் சர்க்யூட்) ஒன்றைக் கட்டுங்கள். வரிசையாக நான்கு முனைகள். அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே ஒவ்வொரு 10 கிலோ ஓம், ஆக மூன்று. ஒவ்வொரு முனையிலிருந்தும் இரண்டு 10 கிலோ ஓம் தொடராக ஒரு டூ-வே சுவிட்சுக்கு. முதல் முனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னும் இரண்டு. சுவிட்சுகளை ஒரு பக்கம் 8 வோல்ட்டுக்கும் மறுபக்கம் கிரவுண்டுக்கும் கொடுத்து, நான்காவது முனையில் வோல்டேஜை அளங்கள். ஒரே சமயத்தில் ஒரு சுவிட்சை மட்டும் 8 வோல்ட்டுக்குத் தள்ளினால் நான்காவதற்கு 4 வோல்ட், மூன்றாவதற்கு 2, இரண்டாவதற்கு 1, முதலாவதற்கு அரை. எந்த இரண்டை, எந்த மூன்றைச் சேர்த்துத் தள்ளினாலும் அவற்றின் கூட்டுத்தொகை வரும். நான்கையும் தள்ளினால் 7.5. டிஜிட்டல் எண்ணை அனலாக் வோல்டேஜாக மாற்றுகிற சிப்புகள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்த ஏணிதான், அங்கும் பூஜ்யம் என்றால் கிரவுண்டு. நான்காவது சுவிட்சின் ஒயரை மட்டும் கழற்றி அந்தரத்தில் விட்டுவிட்டு மூன்றாவதைத் தள்ளினால், 2 வர வேண்டிய இடத்தில் 4 வோல்ட் வரும்.